முகலாய தர்பார் ஓவியம்: பதினான்கு முகங்களை ஒரே தாளில் நிறுத்துவது எப்படி

தர்பார் ஓவியம் வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே சிம்மாசனத்தை வரைந்துவிடுகிறார்கள். அடுத்து விதானம், தூண், கம்பளம். மிச்சமிருக்கும் இடத்தில் ஆட்களை அடைக்கும்போதுதான் வினை தெரிகிறது: பத்துப் பேர் நிற்கிறார்கள், பத்துப் பேருக்கும் ஒரே மூக்கு.

முகலாயப் பட்டறைகளில் வேலை தலைகீழாக நடந்தது. அக்பர் தன் உருவத்தை வரைய உட்கார்ந்து கொடுத்ததோடு, அரசவைப் பெரியோர் அனைவரின் உருவங்களையும் வரையச் சொன்னார், அவை பெரிய ஆல்பமாகத் தொகுக்கப்பட்டன என்று அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் எழுதியிருக்கிறார். மகன் ஜஹாங்கீர், பேரன் ஷாஜஹான் காலத்திலும் இந்தக் கையிருப்பு வளர்ந்தது. தர்பார் காட்சி தேவைப்பட்டால் இருக்கும் முகப்படங்களிலிருந்து படியெடுத்து ஆட்களை வரிசையில் நிறுத்துவார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜஹாங்கீர் தர்பார் ஓவியம் இதற்கு நல்ல சான்று. மனோகரும் அபுல் ஹசனும் வரைந்ததாகக் கருதப்படும் அந்தப் படத்தில் பலருடைய பெயரும் அவரவர் உருவத்தின் மேலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. கறுப்பு அங்கி அணிந்த இயேசு சபைப் பாதிரியார் ஒருவர்கூட நிற்கிறார். ஆனால் பாதிப் பேர் பேரரசரைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தன் பழைய படத்தில் எந்தப் பக்கம் பார்த்தாரோ அந்தப் பக்கமே இங்கும் பார்க்கிறார்.

ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசையும் அதுதான். முகம் முதலில், சபை பிறகு. ஜஹாங்கீர், ஷாஜஹான் காலப் பாணியில் 24 செ.மீ. உயரம், 18 செ.மீ. அகலம் கொண்ட படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே மாடத்தில் பேரரசர், இரண்டு இளவரசர்கள், சாமரம் வீசுபவர். கீழே இருபுறமும் அமீர்கள் எனப்படும் பிரபுக்கள் ஐந்தைந்து பேர். மொத்தம் பதினான்கு பேர். நுண்ணோவியத்தில் ஓரளவு கை பழகியவர் தினம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மாத வேலை.

எந்த ஆட்சி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதில் குழம்பினால் பின்னால் எவ்வளவு நுணுக்கமாக வரைந்தும் பயனில்லை. விவரம் தெரிந்தவர் கண் முதலில் காதுக்குத்தான் போகும். ஜஹாங்கீர் 1614-இல் நோயிலிருந்து மீண்டதும், அஜ்மீர் சூஃபி ஞானி குவாஜா முயீனுத்தீன் சிஷ்திக்கு நன்றியாகக் காது குத்தி முத்து அணிந்தார். அரசவையினரும் அவரைப் பின்பற்றினார்கள். அக்பர் தர்பாரை வரைந்துவிட்டு ஆளாளுக்கு முத்துத் தோடு போட்டால் அங்கேயே காலம் பிசகிவிடும்.

அடுத்தது தாடி. அக்பரும் ஜஹாங்கீரும் மீசை மட்டும் வைத்தவர்கள். ஷாஜஹான் தாடி வைத்தார். அவர் சபையில் தாடிகள் அதிகம். பேரரசர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போடும் வழக்கம் ஐரோப்பியப் படங்களைப் பார்த்து ஜஹாங்கீர் காலத்தில் நிலைபெற்றது. கீழ்விளிம்பு நான்கு கூர்முனைகளாகத் தொங்கும் ஜாமா என்ற நீள மேலங்கி அக்பர் காலத்துக்கு உரியது. ஷாஜஹான் சபையில் அது பொருந்தாது.

பலரும் கவனிக்காத இன்னொன்று ஜாமாவின் முடிச்சு. முஸ்லிம்கள் தம் வலப்பக்க அக்குளின் கீழும், இந்துக்கள் இடப்பக்கமும் கட்டினார்கள். ராஜபுத்திர அமீரை அடையாளம் காண ஆய்வாளர்களுக்கு இன்றும் இந்த முடிச்சு உதவுகிறது. வரையும்போது இது ஒரு பொறியாகவும் மாறும். அதைப் பிறகு பார்ப்போம்.

மாதிரிக்கு, இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் இருக்கும், ஷாஜஹான் ஆட்சி வரலாறான பாதுஷாநாமா சுவடியைவிடச் சிறந்த பாடநூல் கிடையாது. 1656–57-இல் படியெடுக்கப்பட்டது, 44 ஓவியங்கள் கொண்டது. தர்பார் காட்சிகள் பலவற்றை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் வெறுமனே பாருங்கள்.

தாள்

நுண்ணோவியத்துக்கான தாளுக்கு வாஸ்லி என்று பெயர். கையால் செய்த மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, தேய்த்து மெருகேற்றிய அட்டை. ஜெய்ப்பூரிலிருந்து வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம்.

50 கிராம் மைதாவை 400 மி.லி. தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோல் தெளியும்வரை சிறு தீயில் காய்ச்சுங்கள். இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்தில் பூச்சி வந்துவிடும். மயில்துத்தம் நஞ்சு, அந்தப் பாத்திரம் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. பசை ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நான்கு தாள்கள் போதும். ஒவ்வொன்றையும் லேசாக நனைத்து, பசை தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டே ஒட்ட வேண்டும். நான்கு தாளின் இழைப்போக்கும் ஒரே திசையில் இருக்கட்டும். மாறினால் காய்ந்ததும் அப்பளம்போல் வளையும். பாரம் வைத்து மூன்று நாள் காயவிடுங்கள்.

பிறகு மெருகு. பளிங்குக் கல்லின்மேல் தாளை வைத்து, அகேட் கல்லால் மேலும் கீழுமாக, பிறகு குறுக்காகத் தேய்க்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் ஜன்னல் வெளிச்சம் தாளில் மங்கலாகத் தெரிய வேண்டும், அதுதான் அளவு. ஒட்டும்போது காற்றுக் குமிழ் தங்கிய இடத்தில் அகேட் சிக்கி மேல்தாள் கிழியும். அந்தத் தாளை விட்டுவிடுங்கள், ஒட்டுப் போட்டு மீட்க முடியாது.

நிறமும் தூரிகையும்

பழைய நிறங்களில் பாதி நஞ்சு. அரிதாரத்தில் ஆர்சனிக், ஜாதிலிங்கத்தில் பாதரசம், பழைய வெள்ளையில் ஈயம். மரபு என்பதற்காக இவற்றைப் பொடியாக அரைத்து மூச்சில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வெள்ளைக்கு ஜிங்க் ஒயிட், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நல்ல தரமான நீர்வண்ணக் குழாய்கள் போதும். காவி, மஞ்சள் மண், அவுரி, விளக்கு மை ஆகியவற்றைத் தாராளமாகப் பழைய முறையிலேயே தயாரிக்கலாம். லாபிஸ் நீலம் வாங்க வசதி இருந்தால் பேரரசரின் மாடத்துக்கு மட்டும் வையுங்கள். அதை ரொம்பவும் நைசாக அரைத்தால் நிறம் வெளிறிச் சாம்பலாகிவிடும்.

தாமிரத் துருவிலிருந்து எடுக்கும் பச்சையை மட்டும் தொடவே வேண்டாம். அது தாளை அரிக்கும். பழைய சுவடிகள் பலவற்றில் பச்சை பூசிய இடம் பழுப்பேறி நொறுங்கியிருப்பதற்கு இதுவே காரணம். வெள்ளியும் அப்படித்தான்: பழைய படங்களில் கறுத்துக் கிடக்கும் ஓடையும் குளமும் வரைந்த நாளில் வெள்ளியாக மின்னியவை.

பொடி நிறத்தைப் பிடித்துவைப்பது வேலம் பிசின். ஒரு பங்கு பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டுங்கள். ஒரு தேக்கரண்டி நிற விழுதுக்கு எட்டுப் பத்துச் சொட்டு. துண்டுத் தாளில் பூசி, காய்ந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி விரலில் ஒட்டினால் பிசின் போதாது. பளபளத்து, தாளை வளைத்தால் வெடித்தால் அதிகம். ஒவ்வொரு நிறமும் வேறு அளவில் பிசின் குடிக்கும் என்பதால் ஒரே அளவை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள்.

தூரிகை மரபுப்படி அணில் வால் முடி. கடையில் கிடைக்கும் மூன்று சுழி (000) அளவுத் தூரிகை, நுனி நன்றாகக் குவிந்தால் போதும். ‘ஒற்றை முடித் தூரிகையால் வரைந்தது’ என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஒற்றை முடியில் நிறம் நிற்காது. பல முடிகள் கூடிய தூரிகையின் கடைசி நுனியில் ஒரு முடி நீண்டிருக்கும், கோடு போடுவது அதுதான்.

முகங்களைத் தனியாக வரையுங்கள்

இந்த வேலையின் பாதி இங்கேதான். பதினான்கு முகங்களையும் தனித்தனித் தாளில், பக்கவாட்டுத் தோற்றத்தில், தலைப்பாகை விளிம்பிலிருந்து தாடை வரை 4 செ.மீ. உயரத்தில் வரையுங்கள். அக்பர் காலப் படங்களில் முக்கால் திருப்பிய முகங்கள் நிறைய. அடுத்த இரு ஆட்சிகளிலும் தர்பார் என்றால் பெரும்பாலும் சுத்தமான பக்கவாட்டு முகம்தான். ஆளின் அடையாளம் முழுவதும் நெற்றி முதல் தொண்டை வரை ஓடும் அந்த ஒரே கோட்டில் இருக்கிறது. முகம் பிடிப்பதில் பேர்போனவர் ஜஹாங்கீரின் ஓவியர் பிஷன்தாஸ். பாரசீக ஷா அப்பாஸின் உருவத்தை நேரில் பார்த்து வரைந்து வர ஜஹாங்கீர் அவரை 1613-இல் தூதுக்குழுவோடு அனுப்பினார். கேள்விப்பட்டு வரைவதற்கும் பார்த்து வரைவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சபை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டது. நீங்களும் வீட்டிலும் தெருவிலும் இருக்கும் உண்மையான முகங்களிலிருந்து தொடங்கலாம். கற்பனையில் பதினான்கு முகம் வராது. கற்பனை எப்போதும் உங்கள் கைக்குப் பழகிய ஒரே மூக்கைத்தான் தரும்.

ஒவ்வொரு முகத்துக்கும் ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புருவத்துக்குக் கீழே மூக்கு தொடங்கும் பள்ளம் எவ்வளவு ஆழம். மூக்கின் நுனி, தலைப்பாகை விளிம்புக்கும் தாடைக்கும் நடுவில் விழுகிறதா, கீழே விழுகிறதா. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைவெளி. உதட்டிலிருந்து செங்குத்தாகக் கோடு இறக்கினால் தாடை அதற்கு முன்னாலா பின்னாலா. காது முகத்தின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி. இந்த ஐந்தில் குறைந்தது மூன்று, அடுத்தடுத்து நிற்கும் இருவருக்கு ஒத்துப்போகக் கூடாது.

ஒரு கிழவரை எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் அனுபவமுள்ள கைக்குக்கூட முகம் தப்பிப்போகும் இடம் இது. பலரும் இளைஞன் முகத்தை வரைந்து, வெள்ளைத் தாடி வைத்து, கண்ணோரம் மூன்று சுருக்கக் கோடு போடுகிறார்கள். படத்தில் அது ஒட்டுத்தாடி வைத்த பையனாகத்தான் தெரியும். முதுமை கோட்டில் இருக்கிறது. பல் போனதால் உதடு உள்ளே வாங்கும். வாய் சுருங்குவதால் மூக்கு நுனியும் தாடையும் ஒன்றையொன்று நெருங்கும். மூக்கு நுனி கொஞ்சம் தொங்கும். தாடைக்குக் கீழே தசை தளர்ந்து, தொண்டைவரை ஒரு தளர்ந்த வளைவு ஓடும். கழுத்து முன்னால் நீளும், அதனால் காது தோளுக்கு நேர்மேலே இல்லாமல் முன்னே வந்திருக்கும். இவ்வளவும் சரியாக இருந்தால் ஒரு சுருக்கக் கோடுகூட வேண்டியதில்லை.

முடிந்த பதினான்கையும் ஜெராக்ஸ் கடையில் 25 சதவீதத்துக்குச் சுருக்கச் சொல்லுங்கள். 4 செ.மீ. முகம் 1 செ.மீ. ஆகும். பேரரசரை மட்டும் 33 சதவீதத்தில் எடுங்கள், 13 மி.மீ. கிடைக்கும். சுருக்கிய முகங்களை வெட்டி, வரிசையாக அடுக்கி, கையெட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இரண்டு முகங்கள் அண்ணன் தம்பிபோல் தெரிகின்றனவோ அவற்றில் ஒன்றை மறுபடி வரைய வேண்டும். 1 செ.மீ. முகத்தில் அரை மி.மீ. நகர்ந்தாலே வேறு ஆள்.

சபையை நிறுத்துதல்

24 செ.மீ. உயரத்தில் மேல் 9 செ.மீ. மாடமும் விதானமும். நடு 11 செ.மீ. அமீர்கள். கீழ் 4 செ.மீ. கிராதி, வெறும் தரை. அகலத்தில் நடுவே 3 செ.மீ. காலியாக விடுங்கள். பேரரசரின் பார்வைக்கும் நம் பார்வைக்கும் பாதை அதுதான். அங்கே ஆளை நிறுத்தினால் மூச்சு முட்டும். மீதி இருபுறமும் 7.5 செ.மீ. வீதம்.

நிற்கும் ஆளின் உயரம் ஏறக்குறைய 6.5 செ.மீ. ஒவ்வொரு பக்கமும் முன்வரிசையில் மூவர், பின்வரிசையில் இருவர். பின்வரிசைக்காரர்களின் முகம் முன்வரிசைத் தலைப்பாகைகளுக்கு இடையே வர வேண்டும். தலைகள் ஒரே மட்டத்தில் நின்றால் பள்ளிக்கூடக் குழுப் புகைப்படம் ஆகிவிடும். மூன்று நான்கு மி.மீ. ஏற்றி இறக்குங்கள்.

யாரை எங்கே நிறுத்துவது என்பது பதவிக் கணக்கு. இளவரசர்கள் மாடத்தில். பேரரசருக்கு மிக அருகில் உயர்ந்த மன்சப் (பதவித் தரம்) உள்ளவர், தொலைவில் குறைந்தவர். கிராதிக்கு உள்ளே நிற்பதே பெருமை. வெளியே காவலர்களும் பணியாளர்களும். மாடம் தள்ளியிருந்தாலும் பேரரசர்தான் பெரியவர். கண்ணளவு இங்கே பதவிக்கு வழிவிடும். உடல் அசைவுக்கு இடம் குறைவு. கைகள் வயிற்றின்மேல் கட்டியோ, தடியைப் பிடித்தோ, சேர்த்தோ இருக்கும். பாதங்கள் சேர்ந்திருக்கும். ஒருவர் மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பினால் போதும், வரிசைக்கு உயிர் வந்துவிடும். மூவர் திரும்பினால் சந்தை.

ஒரு விதி மட்டும் தவறவே கூடாது. ஒவ்வொருவரின் நெற்றி, மூக்கு, தாடைக் கோடும் ஒரே நிறத்தின்மேல் விழ வேண்டும். அந்தக் கோட்டின் பாதி பச்சைச் சுவரிலும் மீதி பின்னாலிருப்பவரின் பூப்போட்ட தோளிலும் விழுந்தால், நீங்கள் பாடுபட்டுப் பிடித்த மூக்கு காணாமல் போகும். ஆகவே பின்னாலிருப்பவரின் ஆடை நிறத்தை, முன்னாலிருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெளிறிய முகத்துக்குப் பின்னால் கரும்பச்சை, கத்திரிப்பூ நிறம். மாநிறத்துக்கும் கறுத்த முகத்துக்கும் பின்னால் வெண்மை, இளமஞ்சள்.

இப்போது அந்த முடிச்சுப் பொறி. வலப்பக்கம் பார்க்கும் முகத்தை இடப்பக்கம் நிறுத்த வேண்டுமானால் படிதாளைப் புரட்டிப் போடுவது எளிது. பழைய ஓவியர்களும் செய்தார்கள். ஆனால் முழு உருவத்தையும் புரட்டினால் ஜாமா முடிச்சு மறுபக்கம் போய்விடும். முஸ்லிம் அமீர் ஒருவர் ராஜபுத்திரர் ஆகிவிடுவார். கன்னத்து மச்சமும் இடம் மாறும். முகக் கோட்டை மட்டும் புரட்டுங்கள். உடலைப் புதிதாக வரையுங்கள்.

தாளுக்கு மாற்றுதல்

பழைய முறையில் ஒளி ஊடுருவும் மெல்லிய மான்தோலில் படியெடுத்து, கோட்டில் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் முடிச்சால் தட்டுவார்கள். துளையிட்ட அந்தப் படிக்குக் காக்கா என்று பெயர். காகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, பாரசீகச் சொல். மாடம், தூண், உடல்கள் ஆகியவற்றுக்கு இம்முறை இன்றும் நல்லது. டிரேசிங் தாளில் 1 மி.மீ. இடைவெளியில் துளையிடுங்கள். கரித்தூளை மெல்லிய துணியில் கட்டி ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள்.

முகத்துக்கு இது ஒத்துவராது. 1 செ.மீ. முகத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மூக்கு மழுங்கிவிடும். முகப்படியின் பின்பக்கத்தில் காவிப்பொடியை விரலால் தேய்த்து, தாளின்மேல் வைத்து, கூர்மையான கடினப் பென்சிலால் கோட்டின்மேல் ஒருமுறை மட்டும் போங்கள். இரண்டாம் முறை போனால் இரட்டைக் கோடு விழும்.

பிறகு நீர்த்த காவியால் எல்லாவற்றையும் தூரிகையில் வரைந்து, கரித்தூளை ஊதிவிடுங்கள். அதன்மேல் மெல்லிய பால் பதத்தில் வெள்ளையை இரண்டு தடவை பூச வேண்டும். அடியில் இருக்கும் காவிக் கோடு மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து, கறுப்பை நிறைய நீர் விட்டுச் சாம்பலாக்கி மறுபடி வரையுங்கள். இந்த இரண்டாம் வரைவில்தான் தவறுகளைத் திருத்த வேண்டும். வெள்ளையைக் கெட்டியாகப் பூசி அடிக்கோடு முழுதும் மறைந்தால், மேலே சேர்த்த வெள்ளையை ஈரத் துணியால் ஒற்றி எடுக்கலாம். சுரண்டினால் வாஸ்லி பஞ்சாகும்.

அடிநிறமும் மெருகும்

பெரிய பரப்பிலிருந்து சிறியதற்கு: சுவர், தரை, கம்பளத்தின் அடிநிறம், ஆடைகள், கடைசியாக முகங்கள். ஒவ்வொரு நிறமும் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. ஒவ்வொரு பூச்சும் அடிவரை காய்ந்தபின், படத்தைப் பளிங்கின்மேல் குப்புறப் போட்டு, முதுகுப் பக்கம் அகேட்டால் தேய்க்க வேண்டும். நிறம் தாளோடு அமுங்கி, பீங்கான்போல் வழவழப்பாகும். பளிங்கில் ஒரே ஒரு மணல் துகள் கிடந்தாலும் முகத்தில் குழி விழும். ஒவ்வொரு முறையும் துடையுங்கள். மழைக்காலத்தில் மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். அப்போது தேய்த்தால் நிறம் பளிங்கோடு போய்விடும். சென்னை போன்ற ஊர்களில் ஒரு நாள் முழுக்க விடுவது நல்லது.

முகத்தை முடித்தல்

அக்பர் பட்டறையில் ஒருவர் அமைப்பு வரைய, மற்றொருவர் நிறம் பூச, முகங்களை மட்டும் மூன்றாமவர் முடித்த படங்கள் உண்டு. ஓரத்தில் மூவர் பெயரும் இருக்கும். ஜஹாங்கீரோ ஒரு முகத்தில் கண்ணையும் புருவத்தையும் வேறு கை வரைந்திருந்தால்கூட எது யார் வேலை என்று சொல்லிவிடுவேன் என்று தன் குறிப்பில் பெருமைப்பட்டிருக்கிறார். நமக்கு மூன்று பேர் இல்லை. ஆனால் முகம் தொடங்கும் நாளில் வேறெதையும் தொடாமல் இருக்கலாம். கண்ணும் கையும் அந்த அளவுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும்.

தோல் நிறத்தை மூன்று கிண்ணங்களில் கலக்குங்கள்: கோதுமை நிறம், மாநிறம், கறுப்பு. மாநிறத்துக்கு வெள்ளை ஆறு பங்கு, மஞ்சள் மண் இரண்டு, காவி ஒன்று, பழுப்பு தூரிகை நுனியளவு. ஒரே கிண்ணத்திலிருந்து பதினான்கு முகமும் பூசினால் மூக்கு மாறியும் ஆள் மாறாது. அடிப்பூச்சு காய்ந்து மெருகேறியதும், விளிம்புக் கோட்டை அடர்பழுப்பில் போடுங்கள். கறுப்பில் போட்டால் முகம் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும்.

இனி பர்தாஸ். மயிரிழைக் கோடுகளும் புள்ளிகளுமாகச் சேர்த்து நிழல் ஏற்றும் முறை. அடிநிறத்தைவிட ஒரே ஒரு படி அடர்ந்த நிறத்தை எடுத்து, தூரிகையைத் துணியில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நுனியால் அரை மி.மீ. கீற்றுகளாக வையுங்கள். கண்குழி, மூக்கின் பக்கம், தாடைக்கீழ், காதுக்கு முன்பகுதி ஆகிய நான்கு இடங்கள் போதும். கீற்றுகள் முகத்தின் வளைவோடு போக வேண்டும். தூரிகையில் ஈரம் அதிகமிருந்தால் அடியிலுள்ள நிறம் கரைந்து சேறாகும். அப்படி ஆனால் உடனே கையை எடுத்துவிடுங்கள். ஈரத்தில் திருத்தப் போய்ப் படத்தையே கெடுத்தவர்கள் அதிகம். காய்ந்ததும் அடிநிறத்தை அந்த இடத்தில் மட்டும் புள்ளி வைத்து மூடலாம்.

மேல் இமைக் கோடு, கருவிழி, புருவம், உதடு என்ற வரிசையில் போங்கள். பக்கவாட்டு முகத்தில் கண் முழு மீன் வடிவில் இருக்காது, முன்பக்கம் திறந்த முக்கோணமாக இருக்கும். மீன் வடிவில் போட்டால் படம் முகலாயத்திலிருந்து ராஜஸ்தானத்து மேவார் பாணிப் பக்கம் போய்விடும். தாடியை முதலில் நீர்த்த சாம்பலில் பரப்பி, பிறகு முடி முடியாக வெளிநோக்கி இழுக்க வேண்டும். கன்னத்தில் முடி தொடங்கும் இடத்தில் கோடு தெரியவே கூடாது. ஒரு முகத்துக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். பேரரசரை ஐந்தாறு முகங்கள் முடித்தபின் எடுங்கள். முதல் முகத்தில் கை நடுங்கும், கடைசி முகத்தில் கண் களைத்திருக்கும்.

ஆடை, தங்கம், முத்து

மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணியில் ஜாமா அணிந்தவருக்கு உள்ளே இருக்கும் கால்சட்டையையும் உடல் நிறத்தையும் முதலில் முழுதாக முடித்துவிட்டு, மேலே நீர்த்த வெள்ளையை ஒரே வீச்சில் பூசுங்கள். துணி மடியும் இடத்தில் இன்னொரு பூச்சு, விளிம்பில் வெள்ளைக் கோடு. துணியை முதலில் பூசிவிட்டு உள்ளே தெரிவதைப் பிறகு வரையப் பார்த்தால் நடக்காது. இடைக்கச்சைக்குத்தான் பூ வேலை. ஒவ்வொருவருக்கும் ஜாமாவிலும் பூ, கச்சையிலும் பூ, கம்பளத்திலும் பூ என்று போனால் முகங்கள் அமுங்கிவிடும். கம்பளத்தின் பூக்களை அடிநிறத்துக்கு ஒரு படி மட்டும் வேறுபடுத்துங்கள், இல்லாவிட்டால் பாதங்கள் தொலைந்துபோகும்.

தங்கத்துக்கு இருபத்தைந்து தங்க ரேக்கை (மெல்லிய தகடுகளை), பீங்கான் தட்டில் சில சொட்டு கெட்டியான பிசினோடு விரல் நுனியால் மணிக்கணக்கில் தேய்த்து, நீர் விட்டுக் கழுவி, அடியில் தங்கியதை எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் நிறுத்தினால் துகள் பெரிதாக இருக்கும், கோடு உடைந்து வரும். பூசிக் காய்ந்ததும் அகேட்டால் நேரடியாகத் தேய்த்தால் பழுப்பாக இருந்தது பொன்னாகும். சிம்மாசனம், ஒளிவட்டம் போன்ற பரப்புகளில் மழுங்கிய ஊசியால் லேசாகப் புள்ளி குத்தினால் வெளிச்சம் பல திசையில் சிதறும். தாளைத் துளைக்காமல் குத்த வேண்டும். தஞ்சாவூர் ஓவியம் பழகியவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை: சுண்ணத்தூளும் கோந்தும் சேர்த்து மேடு தூக்கி ரேக்கு ஒட்டும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். மேடாக நிற்பது முத்து மட்டும்தான். அதற்கு முதலில் சாம்பலில் ஒரு புள்ளி. காய்ந்ததும் அதன்மேல் சற்றுத் தள்ளி, கெட்டியான வெள்ளையைத் தூரிகை நுனியில் ஏந்தி ஒரு துளி வைத்து நேராகத் தூக்கிவிடுங்கள். இதற்குப் பிறகு படத்தைக் குப்புறப் போட்டுத் தேய்க்கக் கூடாது, முத்துகள் நொறுங்கும்.

பெயரும் ஓரமும்

ஒவ்வொருவர் பெயரையும் உடைமடிப்பிலோ காலடியிலோ பொடி எழுத்தில் எழுதுங்கள். தமிழில் எழுதினால் ஒன்றும் குறையாது. மேவார் ஓவியர்கள் பெரிய தர்பார் படங்களின் முதுகில் யார் யார் என்று பட்டியலே எழுதிவைத்தார்கள். அதையும் செய்யலாம்.

படம் முடிந்தபின் இன்னும் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்று தோன்றினால் அதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ‘தைமூர் வம்ச இளவரசர்கள்’ அக்பரின் தந்தை ஹுமாயூன் காலத்தில் பருத்தித் துணியில் வரைந்தது. பின்னால் வந்தவர்கள் அக்பர், ஜஹாங்கீர், ஷாஜஹான் முகங்களை அதில் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்த முகங்களின் பாணி சுற்றியுள்ளவற்றோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டுதான் இருக்கிறது. சேர்ப்பதானால் ஒரு சிறு பரப்பை ஈரத் துணியால் அடிவெள்ளைவரை ஒற்றியெடுத்து, அங்கிருந்து எல்லாப் படிகளையும் மறுபடி செய்யுங்கள். பூசிய நிறத்தின்மேல் நேரடியாக முகம் வரைந்தால் ஓரிரு வருடத்தில் உரியும்.

ஓரத்துக்கு, படத்தைச் சுற்றி ஒரு தங்கக் கோடு, 2 மி.மீ. விட்டு ஒரு நீலக் கோடு. பிறகு 5 செ.மீ. அகல ஓரத்தாளில் படத்தைப் பதித்து ஒட்டுங்கள். சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே குறைந்தது 4 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள். சட்டம் போடுகிறவர் தேவையில்லை என்பார். விட்டுக்கொடுக்க வேண்டாம், ஐப்பசி ஈரத்தில் பிசின் இளகினால் முதலில் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது முத்துகள்தான்.